பெற்றோல் வேனுக்கு எந்த ஒயில்?

லொறிக்கு வாங்கிய ஒயிலின் மீதியைக் கடையின் பெற்றோல் வேனுக்கும் ஊற்றிவிடுவது நம்மவர் சிலரின் வழக்கம். பெருநாள் வியாபார நேரத்தில் வேன் கராஜில் கிடந்தால், மிச்சம்பிடித்ததெல்லாம் போய்விடும்.

கேனிலுள்ள ஏ.பி.ஐ. தரக்குறியீட்டைப் பாருங்கள். 'எஸ்' என்று தொடங்குவது பெற்றோல் எஞ்சினுக்கும், 'சி' என்பது டீசலுக்கும் உரியது. 2020இல் வந்த 'எஸ்பி', முந்திய 'எஸ்' தரங்கள் கேட்கும் வாகனங்களுக்கும் பொருந்தும்.

அடுத்தது தடிப்பு. '5டபிள்யூ-30' என்பதில் 5 குளிர்நிலைக்கும், 30 எஞ்சின் சூடேறிய நிலைக்கும் உரியது. "நம்நாட்டுச் சூட்டுக்குத் தடித்த ஒயில்தான் நல்லது" என்பார்கள். வாகனக் கையேட்டில் இல்லாத தடிப்பை நாடவேண்டாம். தடித்த ஒயில் காலையில் எஞ்சினின் மேற்பகுதியைச் சென்றடையத் தாமதிக்கும். பெற்றோலும் கூடுதலாகச் செலவாகும். கடைக்குக் கடை நின்று சரக்கு இறக்கும் வேனென்றால், கடும் பாவனைக்கெனக் கையேடு கூறும் குறைந்த கிலோமீற்றரிலேயே ஒயிலை மாற்றுங்கள்.