கண்ணாடி தரும் பயிற்சி

பக்கவாதத்தால் அப்பாவின் இடது கை அசையவில்லை. மூளைக்குப் பயிற்சி தரும் விலை உயர்ந்த கருவியை வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

அவசரப்படாதீர்கள் அம்மா. முகம் பார்க்கும் கண்ணாடியிலேயே தொடங்கலாம். கையை இழந்த பிறகும் அந்தக் கையில் வலியை உணர்ந்தவர்களுக்காக, தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் அமெரிக்காவில் உருவாக்கிய முறை இது. பின்னர் பக்கவாதத்துக்கும் பயன்பட்டது.

மேஜைமேல் கண்ணாடியை நடு நெஞ்சுக்கு நேராக, இரு கைகளுக்கும் இடையே தடுப்புச் சுவர்போல் நிறுத்துங்கள். பிம்பம் தெரியும் பக்கத்தில் வலது கை. பின்னால் மறைவாக இடது கை. அப்பா பிம்பத்தைப் பார்த்தபடி வலது விரல்களை மெல்ல மடக்கி நீட்டட்டும். இடது கையையும் அப்படியே அசைக்க முயலட்டும். இடது கையே அசைவதுபோல் மூளைக்குத் தோன்றும். தினமும் அரை மணி நேரம் போதும். முதலில் பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில் பழகுங்கள்.

கருவி விற்பவரிடம் ஒன்றே கேளுங்கள்: "பக்கவாத நோயாளிகளிடம் இதைச் சோதித்த ஆய்வு எங்கே?" காட்டினால் மட்டும் பணத்தை எடுங்கள்.