ஒரே வண்டி, ஆளுக்கொரு விலை

கேள்வி: பத்து ரூபாய் சோப்பில்கூட விலை அச்சிட்டிருக்கிறது. பல லட்ச ரூபாய் லாரிக்கு மட்டும் ஏன் ஆளுக்கொரு விலை சொல்கிறார்கள்? இந்தப் பேரம் எங்கிருந்து வந்தது?
– வாசகர், நெமிலி

பேரம்தான் பழையது. எழுதி ஒட்டிய விலை அண்மையில் வந்தது. முன்பெல்லாம் பெரும்பாலான கடைகளில் வாங்க வந்தவரின் உடையையும் அவசரத்தையும் பார்த்தே விலை சொன்னார்கள். இதை மாற்றியவர்களில் முன்னோடி, ஜப்பானில் மிட்சுயி குடும்பம் 1673இல் தொடங்கிய எச்சிகோயா துணிக்கடை. ரொக்கம் கொடுத்தால் யாருக்கும் ஒரே விலை என்ற முறையை அது கொண்டுவந்தது. அதே நூற்றாண்டில் இங்கிலாந்தின் குவேக்கர் கிறிஸ்தவர்கள், ஏற்க நினைக்கும் விலையைவிடக் கூட்டிச் சொல்லிவிட்டுப் பிறகு குறைப்பது பொய் சொல்வதற்குச் சமம் என்று கருதி ஒரே விலையில் விற்றார்கள். 19ஆம் நூற்றாண்டில் பாரிஸின் போன் மார்ஷே, பிலடெல்பியாவின் வானமேக்கர் போன்ற பெரிய கடைகள் விலைச்சீட்டைப் பரவலாக்கின.

நம் நாட்டில் 1977ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் 1990இல் திருத்தப்பட்டன. எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச சில்லறை விலையை உறையில் அச்சிட வேண்டும் என்ற ஏற்பாடு அப்போது வந்தது. அந்தச் சட்டம் பொட்டலமாக விற்கும் பொருளுக்குத்தான். லாரி பொட்டலத்தில் வருவதில்லை. அதனால் அதன் மீது யாரும் விலை அச்சிடுவதில்லை. அமெரிக்காவில் 1958இல் ஒரு சட்டம் வந்தது. புதிய கார் ஒவ்வொன்றின் கண்ணாடியிலும் நிறுவனம் சொல்லும் விலையை ஒட்ட வேண்டும் என்றது. அதைக் கொண்டுவந்த செனட்டர் மன்ரோனியின் பெயராலேயே அந்தச் சீட்டை இன்றும் அழைக்கிறார்கள். அந்தச் சீட்டு இருந்தும் அங்கே கார் கடையில் பேரம் நிற்கவில்லை.

தமிழ்நாட்டின் லாரிக் கதையில் ஒரு திருப்பம் உண்டு. 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கிய எண்ணூர் நிறுவனம் 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. டாடா 1954இல் மெர்சிடிஸ் பென்ஸ் லாரிகளைச் செய்யத் தொடங்கியது. உரிமம் வாங்கித்தான் வண்டி செய்ய முடியும் என்றிருந்த அந்தக் காலத்தில் வண்டிகள் குறைவு, கேட்பவர்கள் அதிகம். முன்பணம் கட்டிக் காத்திருந்தவர் விலையைக் குறைத்துக் கேட்க முடியாது. வண்டி கைக்கு வந்தாலே போதும். 1980களில் டி.சி.எம். டொயோட்டா, ஸ்வராஜ் மஸ்தா, ஐச்சர் மிட்சுபிஷி, ஆல்வின் நிசான் என்று ஜப்பானியக் கூட்டில் இலகு ரக லாரிகள் வந்தன. 1986இல் டாடா 407 வந்தது. 2005இல் டாடா ஏஸ் வந்தபோது சின்ன முதலாளிக்கும் லாரி எட்டியது. 2011இல் அசோக் லேலண்டின் தோஸ்த்தும் சேர்ந்தது. இரண்டு ஷோரூம் ஏறி இறங்கி விலை கேட்கும் வசதி இப்படித்தான் நமக்குக் கிடைத்தது. இன்று லாரிக்குப் பேரம் பேச முடிவதே போட்டியால் வந்த நல்ல காலம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் பேரம் நடக்கும் விதத்தில் ஒரு குறை இருக்கிறது. தமிழ்நாட்டு மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டுக்குள் கைவிட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவருக்குத் தொகை தெரியாது. வேலூர் அருகே செவ்வாய்க்கிழமை கூடும் பொய்கைச் சந்தைக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. ஷோரூமின் கண்ணாடி அறைக்குள் நடப்பதும் கிட்டத்தட்ட அதேதான். நேற்று அதே வண்டியை எடுத்தவர் எவ்வளவு கொடுத்தார் என்பது இன்று எடுப்பவருக்குத் தெரிவதில்லை.

டீலர் தள்ளுபடி கொடுப்பதையே நிறுவனம் தடுக்கலாமா என்ற கேள்வியும் வந்தது. கார் டீலர்கள் ஓர் அளவுக்கு மேல் தள்ளுபடி தரக் கூடாது என்று கட்டுப்படுத்தியதாகக் கூறி, இந்தியப் போட்டி ஆணையம் 2021 ஆகஸ்டில் மாருதி சுசுகிக்கு 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அந்த நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது. ஒன்று மட்டும் தெளிவு: டீலரிடம் விலை குறைத்துக் கேட்பது வாங்குபவரின் உரிமை. அதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

கேள்வி: அப்படியானால் நியாயமான விலையை எப்படிக் கண்டுபிடிப்பது? ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் ஏற்றத்தான் வண்டி.

மொத்தத் தொகையை வைத்துப் பேரம் பேசினால் கண்டுபிடிக்கவே முடியாது. ஷோரூம் விலை, வரி, காப்பீடு, பதிவு, பாடி, கடன் என்று ஆறேழு தொகைகள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கும். ஒன்றில் பத்தாயிரம் குறைத்து இன்னொன்றில் பதினைந்தாயிரம் ஏற்றினால், குறைத்ததுதான் கண்ணில் படும். ஒவ்வொன்றையும் தனித்தனி வரியாக, எழுத்தில் வாங்க வேண்டும். ராணிப்பேட்டை, வேலூர், காஞ்சிபுரம் என்று குறைந்தது இரண்டு ஊர் டீலர்களிடம் அதே மாடலுக்கு அதே மாதிரி எழுதி வாங்கி, வரிக்கு வரி ஒப்பிடலாம்.

அவற்றில் பேரத்துக்கு இடமில்லாதவை சில. சரக்கு லாரிகளுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரிக்கு முந்தைய விலை 8 லட்சம் என்றால், முன்பு 10 லட்சத்து 24 ஆயிரம். இப்போது 9 லட்சத்து 44 ஆயிரம். இந்த 80 ஆயிரம் அரசு விட்டுக்கொடுத்தது. யாராவது இதையே தங்கள் தள்ளுபடி என்று காட்டினால் ஏற்கக் கூடாது. ஜி.எஸ்.டி. பதிவுள்ள காலணித் தொழிற்சாலை தன் சரக்கை ஏற்றவே லாரி வாங்கினால், கட்டிய வரியை உள்ளீட்டு வரவாகவும் எடுக்க வழி உண்டு. காரில் அந்தச் சலுகை பொதுவாகக் கிடையாது.

காப்பீட்டிலும் பாதிதான் பேரம். மூன்றாம் நபர் பிரீமியத்தை அரசு நிர்ணயிக்கிறது. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டிக்கு 2022 ஜூன் அறிவிப்பின்படி ஆண்டுக்கு 16,049 ரூபாய். வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பிரீமியம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். டீலர் சொல்லும் நிறுவனத்தில்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்று ஒரு வரி இருந்தால், அது அரசுக்குப் போகும் கட்டணம் அல்ல. அடித்துவிடச் சொல்லலாம்.

இனி, தோல் ஏற்றும் வண்டி என்பதால் ஒரு விஷயம். உப்பிட்ட பச்சைத் தோலும் ஈரமான 'வெட் புளூ' தோலும் கனம். உப்புநீர் வடிந்து தளத்தின் இரும்புத் தகட்டை அரிக்கும். அதற்கு எடை தாங்கும் வண்டியும் அரிப்பைத் தாங்கும் தளமும் வேண்டும். தைத்த ஷூ மேல்பாகங்களோ எடை குறைவு, இடம் அதிகம் பிடிக்கும். அதற்கு நீளமான, மழை புகாத மூடிய பாடி போதும். கூடுதல் எடை தாங்கும் மாடலுக்குக் கொடுக்கும் பணம் வீண். ஷோரூமில் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். தேவையற்ற மாடலில் ஐம்பதாயிரம் தள்ளுபடி வாங்கியவர் லாபம் பார்த்தவர் ஆகமாட்டார்.

கேள்வி: மாதத் தவணையில் வண்டி வாங்கும் பழக்கம் எப்போது தொடங்கியது?

தவணை முறை வண்டியில் தொடங்கவில்லை. அமெரிக்கா, இங்கிலாந்து இரண்டிலும் 19ஆம் நூற்றாண்டில் வீட்டுப் பொருள்களில் அது பரவியது. மரச்சாமான், தையல் இயந்திரம், பியானோ எல்லாம் தவணையில் போயின. 1895இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை ஒரு பியானோ வழக்கில் கொடுத்த தீர்ப்புதான் வாடகைக் கொள்முதலுக்குச் சட்ட அடித்தளமாக அமைந்தது: முழுத் தவணையும் கட்டும்வரை பொருள் கொடுத்தவருக்கே சொந்தம். தமிழ்நாட்டில் லாரிக்கு இந்த முறையைப் பெரிதாக வளர்த்தவற்றில் 1954இல் சென்னையில் டி.எஸ். சந்தானம் தொடங்கிய சுந்தரம் ஃபைனான்ஸ் முக்கியமானது. வாடகைக் கொள்முதலுக்கென்று நாடாளுமன்றம் 1972இல் தனிச்சட்டமே இயற்றியது. அது ஒரு நாளும் நடைமுறைக்கு வரவில்லை.

பேரத்தில் கிடைத்த லாபம் பெரும்பாலும் கரைவது இங்கேதான். 'எட்டு சதவீதம்தான்' என்பார்கள். அது 'ஃபிளாட்' வட்டியா, குறையும் நிலுவைக்கான வட்டியா என்று உடனே கேட்க வேண்டும். 10 லட்சத்துக்கு 8 சதவீத ஃபிளாட் வட்டி, நான்கு ஆண்டு என்றால் வட்டி 3 லட்சத்து 20 ஆயிரம். மாதத் தவணை 27,500. அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே போவதால், குறையும் நிலுவைக் கணக்கில் இது 14 சதவீதத்துக்கும் மேல். எனவே வண்டி விலையை முடித்துவிட்டுத்தான் கடனைப் பேச வேண்டும். 'மாதம் எவ்வளவு கட்ட முடியும்?' என்று முதலிலேயே கேட்டால் பதில் சொல்லாமல் இருப்பது நல்லது.

கேள்வி: எந்த மாதத்தில் விலை குறையும்?

டீலருக்கு நெருக்கடி வரும் மாதத்தில். கையிருப்பு வண்டிகளுக்கு அவரும் வட்டி கட்டுகிறார். மாதக் கடைசியிலும் மார்ச்சிலும் விற்பனை இலக்கு துரத்தும். ஆடியில் வாங்குபவர் குறைவு. டிசம்பர் கடந்தால் வண்டி 'போன வருட வண்டி' ஆகிவிடும்.

இதன் உச்சத்தை 2017இல் நாடே பார்த்தது. பி.எஸ். 3 என்ற பழைய புகைத்தர அளவில் செய்த வண்டிகளை ஏப்ரல் 1 முதல் விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் மார்ச் 29 அன்று உத்தரவிட்டது. அப்போது விற்காமல் இருந்தவை சுமார் 8.24 லட்சம் வண்டிகள். அவற்றில் 96 ஆயிரத்துக்கும் மேல் வணிக வாகனங்கள். இரண்டே நாளில் தள்ளுபடிகள் குவிந்தன.

டிசம்பரில் செய்த வண்டியை ஜனவரியில் புதுசு என்று முழு விலைக்கு வாங்க வேண்டியதில்லை. விற்பனைச் சான்றான படிவம் 21இல் தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்கும். மீதிப் பணம் கட்டுமுன் அதைப் பார்த்துவிட வேண்டும்.

கேள்வி: ஏமாந்துவிட்டால்? 'லாரி தொழிலுக்கு வாங்கியது, நுகர்வோர் வழக்கு போட முடியாது' என்கிறார்களே?

பாதிதான் உண்மை. வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்றுதான் 2019ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வாங்கியவரை அந்த விலக்கில் சேர்க்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. நெமிலியில் ஒரே ஒரு வண்டி வாங்கித் தானே ஓட்டிக் குடும்பம் நடத்துகிறவர், எழுதி வாங்கிய விலைப்பட்டியலோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்தும் புகார் பதிவு செய்யலாம்.