காணாமற்போன கடிதம்
(பத்தாம் வகுப்பு மாணவி)

நகைச்சுவைப் படம் என்றால் பார்த்துச் சிரித்துவிட்டு மறந்துவிடலாம் என்று பலர் எண்ணுகிறோம். அப்படிச் சிரிக்கவைத்த ஒரு படம் பல ஆண்டுகள் முடக்கி வைக்கப்பட்டது என்றால் வியப்பாக இல்லையா? அதுதான் 'காணாமற்போன கடிதம்' என்னும் உக்ரைன் நாட்டுத் திரைப்படம். 1972-ஆம் ஆண்டு கீவ் நகரிலுள்ள டோவ்ஷென்கோ படநிலையத்தில் இதை போரிஸ் இவ்சென்கோ இயக்கினார். திரைக்கதையை எழுதியவர் கவிஞர் இவான் டிராச்.

இப்படத்தின் நாயகன் ஒரு கொசாக் வீரன். கொசாக்குகள் யார்? டினீப்பர் ஆற்றங்கரையில் வாழ்ந்த குதிரை வீரர்கள். பண்ணை அடிமைத்தனத்துக்குத் தப்பி ஓடிவந்த உழவர்கள் பலரும் அவர்களோடு சேர்ந்தனர். தங்கள் தலைவரைத் தாங்களே தேர்ந்தெடுப்பது அவர்கள் வழக்கம். 1775-இல் உருசியப் பேரரசி இரண்டாம் கேத்தரின் அவர்களுடைய 'சிச்' என்னும் கோட்டையை அழித்தாள்.

இனிக் கதைக்கு வருவோம். இதை எழுதியவர் 1809-இல் உக்ரைனில் பிறந்த நிக்கொலாய் கோகல். 1831-இல் வெளிவந்த இக்கதையை ஒரு கோயிற்பிள்ளை தம் பாட்டனாரின் அனுபவமாகச் சொல்கிறார். கொசாக்குகளின் தலைவர் பேரரசிக்கு ஒரு கடிதம் அனுப்புகிறார். பாட்டனார் அதைத் தம் தொப்பிக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு புறப்படுகிறார். வழியில் தன் ஆன்மாவைப் பேய்க்கு விற்றுவிட்ட ஒரு வீரனைச் சந்திக்கிறார். இரவில் அவனுக்குக் காவலிருப்பதாக வாக்களித்தவர் உறங்கிவிடுகிறார். விழித்துப் பார்த்தால் தொப்பியும் இல்லை, குதிரையும் இல்லை, அந்த வீரனும் இல்லை!

பாட்டனார் அஞ்சி வீடு திரும்பவில்லை. நள்ளிரவில் காட்டுக்குள் சென்று சூனியக்காரிகளுடன் சீட்டாடுகிறார். மூன்று ஆட்டங்களில் ஒன்றிலாவது வென்றால்தான் தொப்பி கிடைக்கும். இரண்டில் தோற்றுவிடுகிறார். மூன்றாவதில் மேசைக்கடியில் யாருமறியாமல் சீட்டுகளின்மேல் சிலுவை அடையாளம் வரைகிறார். உடனே வெற்றி அவர் பக்கம் திரும்புகிறது. கடிதமும் பேரரசியிடம் போய்ச் சேருகிறது.

படத்தில் வசீல் என்ற பெயருடன் இந்த வீரனாக நடித்தவர் இவான் மிக்கொலாய்ச்சுக். நாட்டுப்பாடல்களும் பழைய உடைகளும் வேடிக்கைப் பேச்சும் படம் முழுவதும் நிறைந்துள்ளன. படம் முடக்கப்பட்டதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. சோவியத் ஆட்சியாளர்கள் உக்ரைன் அறிஞர்கள் பலரைக் கைது செய்த ஆண்டும் 1972 தான். ஒரு மக்கள் தங்கள் பாட்டையும் வீரத்தையும் நினைத்து மகிழ்வது அவர்களுக்குப் பிடிக்கவில்லை.

கடிதத்தைப் போலவே படமும் காணாமற்போய்ப் பின்னர் மீண்டது. உக்ரைன் 1991-இல் விடுதலை பெற்றது. இன்று அந்நாட்டு மக்கள் இப்படத்தைத் தங்கள் அரிய செல்வமாகப் போற்றுகின்றனர். மிக்கொலாய்ச்சுக் அந்த விடுதலையைக் காணவில்லை, 1987-லேயே மறைந்துவிட்டார்.

தோழியரே, வேடிக்கைக் கதைக்குள்ளும் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. நம்மை நம்பி ஒப்படைத்தது கைநழுவிப் போனால், அழுதுகொண்டிராமல் தேடிச் செல்லவேண்டும். அந்தக் கொசாக் வீரன் நரகத்தின் வாசல்வரை சென்றான், சிரித்துக்கொண்டே சென்றான்!