கியா காருக்கு மோபிஸ் பெட்டியா?

கேள்வி: என் கியா காருக்கு சர்வீஸில் மாற்றிய ஏர் ஃபில்டரின் பெட்டியில் 'மோபிஸ்' என்று போட்டிருந்தது. டூப்ளிகேட்டா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: பயப்படாதீர்கள். ஹூண்டாய், கியா இரண்டுக்கும் ஒரிஜினல் உதிரிபாகம் தருவது ஹூண்டாய் மோபிஸ்தான். 1997-இல் கியா திவாலானது. அடுத்த ஆண்டு ஏலத்தில் ஹூண்டாய் எடுத்தது. அப்படியானால் ஹூண்டாய் முதலாளி, மோபிஸ் வேலையாளா? அங்கேதான் வேடிக்கை. ஹூண்டாய் மோட்டாரின் பெரிய பங்குதாரர் மோபிஸ், கியாவுக்கு ஹூண்டாய், மோபிஸுக்கோ கியா! தலையும் வாலும் தெரியாத இந்தச் சுற்றை அவிழ்க்க 2018-இல் குழுமமே ஒரு திட்டம் போட்டது. முதலீட்டாளர்கள் எதிர்க்கவே, கைவிட்டது.

மோபிஸ் பெயரிலும் போலிகள் உலவுகின்றன. வெளிக்கடையில் வாங்கினால் ஹாலோகிராமையும் பார்ட் நம்பரையும் சரிபாருங்கள், பில்லை விடாதீர்கள்.