சொறிமீன் சொல்லும் செய்தி



கல்விச் சுற்றுலாவின்போது தெலுக் பாத்திக் கடற்கரைக்குச் செல்பவர்கள், அலை ஒதுக்கிய மணலில் கண்ணாடி போன்று ஒளிரும் கூழ்க்கட்டி ஒன்றைச் சில வேளைகளில் காண்பதுண்டு. அதுதான் சொறிமீன். அதனை ஜெல்லிமீன் என்றும் கூறுவர். மலாய் மொழியில் அதன் பெயர் ஓபோர்-ஓபோர். கடலை விட்டுத் தொலைவில், சிலிபினில் வாழும் நமக்கும் இவ்வுயிருக்கும் தொடர்பு ஏதேனும் உண்டா? உண்டு. அத்தொடர்பை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடலில் விளையும் பயிர்

நிலத்தில் புல் முளைக்கிறது. புல்லை மாடு மேய்கிறது. கடலில் அப்புல்லின் இடத்தை வகிப்பவை கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய தாவர மிதவைகள். நீரோட்டம் இழுத்த வழியே செல்லும் உயிர்களுக்குப் ‘பிளாங்டன்’ என்று 1887-ஆம் ஆண்டில் பெயர் சூட்டியவர் விக்டர் ஹென்சன் என்னும் ஜெர்மானிய அறிஞர் ஆவார். அலைந்து திரிவது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயர் தோன்றிற்று. நாம் அவற்றை மிதவை உயிர்கள் எனலாம்.

தாவர மிதவைகள் சூரிய ஒளியின் துணையால் தம் உணவைத் தாமே ஆக்கிக்கொள்கின்றன. அப்போது உயிர்வளியை வெளியிடுகின்றன. உலகில் தாவரங்களும் பாசிகளும் வெளியிடும் உயிர்வளியில் ஏறத்தாழப் பாதி கடலிலேயே உண்டாவதாக அறிவியலார் கணித்துள்ளனர். நம் வட்டாரத்திலுள்ள பழைய ஈயக்குட்டைகள் சிலவற்றின் நீர் பச்சையாகத் தோன்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கும் இத்தகைய நுண்பாசிகளே வாழ்கின்றன.

தாவர மிதவைகளை உண்டு வாழ்பவை விலங்கு மிதவைகள். இறால், நண்டு, மீன் ஆகியவற்றின் இளங்குஞ்சுகளும் இக்கூட்டத்தைச் சேர்ந்தவையே. நம் இல்லங்களில் குழம்பாகும் கெம்போங் மீன் மிதவை உயிர்களை உண்டே வளர்கிறது. ஆகவே, கண்ணுக்குத் தெரியாத அப்பயிர் அழிந்தால் நம் தட்டில் மீனும் இராது.

எலும்பில்லா உயிர்

சொறிமீன், பெயரில் மீனேயன்றிப் பிறப்பில் மீன் அன்று. அதற்கு எலும்பு இல்லை, மூளை இல்லை, இதயமும் இல்லை. அதன் உடலில் நூற்றுக்கு ஏறத்தாழத் தொண்ணூற்றைந்து பங்கு நீரே. குடையை விரித்துச் சுருக்குவது போல் உடலை அசைத்து நீந்தினாலும், வலிய நீரோட்டத்தை எதிர்த்துச் செல்ல அதனால் இயலாது. ஆதலின் அதுவும் மிதவை உயிரே ஆகும்.

அதன் தொங்கும் இழைகளில் எண்ணற்ற கொட்டணுக்கள் உள்ளன. இரை பட்டவுடன் அவை நஞ்சு தோய்ந்த நுண்ணிய ஊசிகளைப் பாய்ச்சும். அவ்வாறு அது விலங்கு மிதவைகளையும் மீன் முட்டைகளையும் மீன் குஞ்சுகளையும் பிடித்து உண்ணுகிறது.

அதன் வளர்ச்சி வியப்புக்குரியது. முட்டையிலிருந்து வெளிவரும் இளவுயிர், பாறை, சிப்பி, படகுத்துறையின் தூண் போன்ற கடினமான பொருளில் ஒட்டிக்கொண்டு ஒரு சிறு பூவைப் போல் வளரும். தக்க காலம் வந்ததும், அடுக்கிய தட்டுகள் ஒன்றொன்றாகக் கழன்று விழுவது போலப் பல குட்டிச் சொறிமீன்கள் அதிலிருந்து பிரிந்து நீந்திச் செல்லும்.

பேராக் கடலோரத்தின் வளம்

சொறிமீன் மனிதனுக்குப் பகையன்று. பேராக் ஆற்றின் கழிமுகத்தில் உண்ணத்தக்க சொறிமீன் வகை கிடைக்கிறது. அதனை உப்பும் படிக்காரமும் இட்டுப் பதப்படுத்துவர். சீனர்களின் விருந்துகளில் அது சுவைமிக்க உணவாகப் பரிமாறப்படுகிறது.

நம் மாநிலத்தின் மாத்தாங் சதுப்புநிலக் காடு ஏறத்தாழ 40,000 ஹெக்டர் பரப்புடையது. நூறாண்டுகளுக்கும் மேலாகத் திட்டமிட்டுப் பேணப்பட்டு வருவது. அக்காட்டின் உதிர்ந்த இலைகள் மட்கிக் கடல் உயிர்களுக்கு உணவாகின்றன. அதன் வேர்கள் இறாலுக்கும் மீன் குஞ்சுகளுக்கும் தொட்டிலாகின்றன. நம் நாட்டில் கெராங் எனப்படும் சிப்பியின் வளர்ப்பு, 1948-ஆம் ஆண்டில் பேராக்கைச் சேர்ந்த பாகான் பஞ்சோரில் தொடங்கிற்று. நீரிலுள்ள தாவர மிதவைகளே கெராங்கின் உணவு. எனினும் 2010-ஆம் ஆண்டுக்குப் பின் கெராங் விளைச்சல் வெகுவாகக் குறைந்துவிட்டது. கடலோர நீர் மாசுபடுதல் அதற்குரிய காரணங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

மாறிவரும் கடல்

சிலிபினில் பெய்யும் மழை எங்கே செல்கிறது? வாய்க்கால் வழியே பாரி ஆற்றை அடைகிறது. பாரி ஆறு கிந்தா ஆற்றில் கலக்கிறது. கிந்தா ஆறு பேராக் ஆற்றோடு சேர்கிறது. பேராக் ஆறு பாகான் டத்தோ அருகே மலாக்கா நீரிணையில் கலக்கிறது. வழியெங்கும் தோட்டங்களின் உரமும், வீடுகளின் கழிவும், மண்ணும் அந்நீரோடு பயணம் செய்கின்றன.

உரம் மிகுந்தால் கடலின் பயிரும் மிகும். அது நன்மைதானே என நீங்கள் கேட்கலாம். அளவுக்கு மிஞ்சிப் பெருகிய பாசி மடிந்து அழுகும்போது நீரிலுள்ள உயிர்வளி குறைந்துவிடுகிறது. மீன்கள் மூச்சுத் திணறும். சொறிமீன் வகைகள் பலவோ குறைந்த உயிர்வளியிலும் தாக்குப்பிடிக்கும். இழுவலைகளால் மீன்களை மிகுதியாகப் பிடித்துவிட்டால், மீன் உண்ண வேண்டிய இரையும் சொறிமீனுக்கே மிஞ்சும். புதிய துறைமுகத் தூண்கள் அதன் இளவுயிர்கள் ஒட்டிக்கொள்ள இடமளிக்கும். கடல் நீரின் வெப்பம் உயர்வதும் சில வகைகளுக்கு ஏற்றதாகிறது.

அதனை உண்ணும் உயிர்களும் அருகி வருகின்றன. தோல்முதுகு ஆமைக்குச் சொறிமீனே முதன்மையான உணவு. 1950-ஆம் ஆண்டுகளில் திரங்கானுவின் ரந்தாவ் அபாங் கரையில் ஆண்டுதோறும் பத்தாயிரம் அளவில் அவ்வாமைகளின் முட்டைக் கூடுகள் காணப்பட்டன. இன்று அங்கு ஒரு கூட்டைக் காண்பதே அரிது.

சொறிமீன் திரளாகப் பெருகினால் நேரும் இடருக்கு ஒரு சான்று காண்போம். 1999-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், பிலிப்பைன்ஸ் நாட்டில் ஒரு மின்நிலையத்தின் குளிர்நீர்க் குழாய்களைச் சொறிமீன்கள் அடைத்துக்கொண்டன. அதனால் லூசோன் தீவின் பெரும்பகுதி இருளில் மூழ்கியது. எனினும், உலகக் கடல்கள் அனைத்திலும் சொறிமீன் பெருகி வருகிறது என்று கூறிவிட இயலாது. சில கடல்களில் பெருகும். சிலவற்றில் ஏறியும் இறங்கியும் வரும். இதனைக் குறித்து அறிஞர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை.

நம் கடமை

மாணவர்களே! சொறிமீனைக் குறை கூறிப் பயனில்லை. கடலின் சமநிலை குலைகிறது என்பதை உரைக்க வந்த தூதுவன் அது. நாம் வாய்க்காலில் எறியும் பிளாஸ்டிக் பையும் ஒருநாள் கடலைச் சேரும். அதனைச் சொறிமீன் என்று எண்ணி ஆமை விழுங்கும், விழுங்கி மடியும். ஆகவே, கடலைக் காக்கும் பணி கடற்கரையில் தொடங்குவதன்று. நம் பள்ளி வாய்க்காலிலேயே தொடங்குகிறது.

கடற்கரைக்குச் செல்லும்போது ஒன்றை மறவாதீர். இறந்து கிடக்கும் சொறிமீனும் கொட்டும், கையால் தொடாதீர். கொட்டிவிட்டால் அவ்விடத்தைத் தேய்க்காமல் கடல் நீரால் கழுவி, உடனே ஆசிரியரிடம் தெரிவித்து மருத்துவ உதவி பெறுக.

சிந்தனை வினாக்கள்

1. சொறிமீனை மிதவை உயிர் என்று கூறுவது ஏன்?
2. உரம் மிகுந்த நீர் கடலைச் சேர்ந்தால் மீன்களுக்கு என்ன நேரும்?
3. உங்கள் வீட்டு வாய்க்கால் நீர் கடலைச் சேரும் வழியை வரைந்து காட்டுக.