சோறு தின்ற பிறகு என்ன ஆகிறது என்று கேளுங்கள்

இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியிலிருந்து பட்டம் வாங்கி வருகிற பிள்ளைகளுக்கும், பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் முதன்முதலாக வார்டுக்குப் போகிற பிள்ளைகளுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். போர்ட்டோசிஸ்டமிக் ஷண்ட், அதாவது குடலின் இரத்தம் கல்லீரலுக்குள் போகாமல் தப்பிப்போகும் குறுக்குக் குழாய், நாய்க்கும் வரும், பூனைக்கும் வரும், மனிதக் குழந்தைக்கும் வரும்.

1. முதலில் இரத்தம் போகும் பாதையை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். குடலிலிருந்து வரும் இரத்தம் போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்குள் போய்ச் சுத்தமான பிறகுதான் இதயத்துக்குத் திரும்ப வேண்டும். தாமிரபரணித் தண்ணீர் அணைக்கட்டில் கால்வாய்க்குத் திரும்பாமல் நேரே புன்னைக்காயலுக்குப் போய்க் கடலில் விழுந்தால் வயல் காயுமல்லவா? ஷண்ட் இருந்தால் அப்படித்தான் கல்லீரல் வளராமல் சிறுத்துப்போகும். வடிகட்டாத அம்மோனியா மூளைக்குப் போகும். நோய் வயிற்றில் இருக்கும், அறிகுறி தலையில் தெரியும்.

2. வாயில் எச்சில் ஒழுகத் தள்ளாடும் குட்டி மேசைக்கு வந்தால் முதலில் கையுறை போடுங்கள். நம் ஊரில் வெறிநோயைத்தான் முதலில் நினைக்க வேண்டும், அடுத்து டிஸ்டெம்பரை. வெறிநோய் அறிகுறி தொடங்கிவிட்டால் நாளுக்கு நாள் முற்றி, பெரும்பாலும் பத்து நாளுக்குள் உயிர் போய்விடும். ஷண்ட் மாதக்கணக்கில் வந்து வந்து போகும்.

3. வளர்ப்பவரை முழுதாகப் பேச விடுங்கள். "கறி போட்டா ரெண்டு மணி நேரத்துல சுவத்துல தலையை முட்டிக்கிட்டு நிக்கி சார், காலையில சரியாயிருது" என்று ஒருவர் சொன்னால் பாதி நோயறிதல் முடிந்தது. கூடப் பிறந்த குட்டிகளைவிடச் சிறியதா, கருத்தடை மயக்கத்திலிருந்து எழ வெகுநேரம் ஆனதா, சிறுநீர் கழிக்கத் திணறுகிறதா என்று கேளுங்கள். பூனையாக இருந்தால் கண்ணைப் பாருங்கள். செம்பு நிறக் கருவிழியும் ஓயாத எச்சிலும் சேர்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள். சிறுநீரில் அம்மோனியம் யூரேட் படிகம் தெரிந்தாலும் அப்படித்தான். ஆனால் டால்மேஷியன் நாய்க்குப் பிறவியிலேயே யூரேட் படிகம் வரும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

ஹைகிரவுண்டுப் பிள்ளைகளே, பகலில் தூங்கி இரவில் விழித்துக் குழம்பிப் பேசும் பெரியவரை மனநலப் பிரிவுக்கு அனுப்பும் முன், கையை நீட்டி மணிக்கட்டை மேலே மடக்கச் சொல்லுங்கள். கை சிறகடிப்பதுபோல் விட்டுவிட்டுத் தாழ்ந்தால் அம்மோனியாவை நினையுங்கள். மலச்சிக்கலா, கறுப்பு மலமா, காய்ச்சலா, தூக்க மாத்திரையா என்று கேளுங்கள். இந்த நான்கில் ஒன்றுதான் பெரும்பாலும் குழப்பத்தைக் கிளப்பிவிட்டிருக்கும்.

4. இரத்தம் எடுப்பதில் அவசரம் வேண்டிய இடமும் உண்டு, பொறுமை வேண்டிய இடமும் உண்டு. அம்மோனியாவுக்கு எடுத்த குழாயை உடனே ஐஸில் வைத்து, அரை மணிக்குள் பிளாஸ்மாவைப் பிரித்துவிட வேண்டும். ஆட்டோவில் கொடுத்தனுப்பி மதியம் பார்த்த அளவை நம்பாதீர்கள். வைக்க வைக்க அது தானாக ஏறும். பித்த அமிலப் பரிசோதனை அவ்வளவு படுத்தாது. பன்னிரண்டு மணி நேரம் பட்டினி போட்டு ஒன்று, கொஞ்சம் தீனி கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து இன்னொன்று. முதலாவது சரியாக இருந்தும் இரண்டாவது எகிறும், அதனால் ஒன்றோடு நிறுத்தாதீர்கள். கைக்குள் அடங்கும் குட்டியை அத்தனை நேரம் பட்டினி போட வேண்டாம், சர்க்கரை இறங்கிவிடும்.

5. ஒரே குழாயா, பல குழாய்களா என்று ஸ்கேனில் தெரியும்வரை கத்தியைத் தொட வேண்டாம். பிறவி ஷண்ட் பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். யார்க்‌ஷயர் டெரியர், பக் போன்ற சிறு இனங்களில் கல்லீரலுக்கு வெளியேயும், லாப்ரடார் போன்ற பெரிய இனங்களில் உள்ளேயும் இருக்கும். கல்லீரல் கெட்டு, போர்ட்டல் அழுத்தம் கூடி, பிறகு முளைத்த ஷண்டுகள் பலவாக இருக்கும். அவை உடம்பு தனக்குத் தேடிக்கொண்ட வடிகால், அவற்றைக் கட்டினால் உயிர் போகும். இன்னும் சொல்கிறேன்: போர்ட்டல் சிரை அடைபட்டு இரத்த வாந்தி எடுக்கும் குழந்தைக்கு, மண்ணீரல் சிரையைச் சிறுநீரகச் சிரையோடு இணைத்து அறுவை மருத்துவரே ஒரு ஷண்ட் போடுகிறார். ஒருவருக்கு மூட வேண்டியது இன்னொருவருக்குத் திறக்க வேண்டியதாகிறது.

6. வெறும் வலிப்பு மருந்தைக் கொடுத்து அனுப்பாதீர்கள். லாக்டுலோஸ் சிரப்பில் தொடங்குங்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று முறை இளகலாகப் போக வேண்டும். தண்ணீராகப் போனால் அளவைக் குறையுங்கள்.

தீனி விஷயம் பழைய பாடம். 1877-ல் ரஷ்யாவில் நிக்கோலாய் எக் நாய்களின் போர்ட்டல் சிரையைப் பெருஞ்சிரையோடு இணைத்தார். 1893-ல் பாவ்லோவ் குழுவினர் அப்படிச் செய்த நாய்களுக்கு இறைச்சி கொடுத்தால் புத்தி தடுமாறுவதைக் கண்டார்கள். அதனால் கறிக்கழிவை நிறுத்தித் தயிர்ச்சோறும் பருப்பும் முட்டையும் கொடுக்கச் சொல்லுங்கள். புரதத்தையே நிறுத்திவிடாதீர்கள், வளரும் குட்டி தேய்ந்துபோகும். மனிதருக்கும் அந்தப் பழைய பத்தியம் இப்போது கிடையாது. சிரோசிஸ் நோயாளிக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை தினமும் புரதம் வேண்டும், படுக்கும் முன் கொஞ்சம் சாப்பாடும் வேண்டும். வீட்டில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்திருந்தால் திட்டாமல் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். திட்டினால் அடுத்த முறை மறைப்பார்கள்.

7. ஷண்டை மூடுவதென்றால் மெதுவாக மூடுங்கள். இத்தனை நாள் இரத்தம் பாயாத கல்லீரல் ஒரே நாளில் முழு வரத்தையும் தாங்காது. குடல் கறுத்து, வயிறு வீங்கிவிடும். அதற்காகத்தான் அமெராய்டு வளையம்: உள்ளே இருக்கும் கேசீன் ஈரத்தை உறிஞ்சி ஊதி, வாரக்கணக்கில் குழாயை நெருக்கும். செலோபேன் பட்டையும் மெதுவாகவே நெருக்கும். 1793-ல் லண்டனில் ஜான் அபர்நெத்தி ஒரு பெண் குழந்தையின் உடலில் போர்ட்டல் சிரை கல்லீரலுக்கே போகாததைப் பார்த்து எழுதினார். அவர் பெயரால் வழங்கும் கோளாறு உள்ளவர்களுக்கு, முதலில் பலூனால் அடைத்து அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்துவிட்டே மூடுகிறார்கள். கல்லீரலுக்குள் போக வழியே இல்லாதவருக்கு மூடக் கூடாது. சில கைக்குழந்தைகளுக்குக் கல்லீரலுக்குள்ளிருக்கும் ஷண்ட் இரண்டு வயதுக்குள் தானே மூடிக்கொள்ளும், அதற்குக் காத்திருக்கலாம்.

8. அறுவை நன்றாக முடிந்தாலும் முதல் மூன்று நான்கு நாள் நாயை வீட்டுக்கு விடாதீர்கள். அம்மோனியா சரியாக இருக்கும்போதே சிலவற்றுக்கு வலிப்பு வரும். அம்பாசமுத்திரத்திலிருந்தோ திருச்செந்தூரிலிருந்தோ வந்தவர்களிடம் தங்க வேண்டியிருக்கும் என்று அறுவைக்கு முன்பே சொல்லிவிடுங்கள், செலவையும் சேர்த்து. லாக்டுலோஸை அன்றே நிறுத்தக் கூடாது. சில வாரம் கழித்துப் பித்த அமிலம் மறுபடி பார்த்த பிறகுதான்.