கொசு மருந்துக்குப் பழகிவிடுகிறதா?

போடிநாயக்கனூரிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. இந்தப் பக்கம் தேனி மாவட்டம், அந்தப் பக்கம் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். இங்குள்ள ஏலத்தோட்டக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரு குறை தவறாமல் வந்துவிடும்: "போன வருஷம் அடிச்ச மருந்து இந்த வருஷம் கேக்கல. இலைப்பேன் மருந்துக்குப் பழகிப் போச்சு." நகரத்தில் கொசுவத்தி கொளுத்துகிறவர்களும் கொசுவைப் பற்றி இதையேதான் சொல்கிறார்கள். காய்ச்சல் மாத்திரை பலிக்காத வீட்டில் கிருமியைப் பற்றியும் இதே பேச்சுதான்.

மருந்து பலிக்காமல் போவது உண்மை. ஆனால் "பழகிப் போச்சு" என்று நாம் சொல்லும் காரணம் சரியா? இதைத் தெரிந்துகொள்வது வெறும் அறிவுக்காக மட்டும் அல்ல. விடுமுறைக்குப் பிள்ளைகளுடன் ஊருக்கு வந்து போகும் குடும்பங்களுக்கு இதில் நடைமுறைப் பயன் உண்டு. நான் மருத்துவன் அல்லன். ரயில்வேயில் பொறியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆகவே என் தொழிலில் கண்ட ஓர் உதாரணத்தை வைத்தே விளக்க முயல்கிறேன்.

மலைக்காய்ச்சலின் கதை

நம் பெரியவர்கள் மலைக்காய்ச்சல், முறைக்காய்ச்சல் என்றெல்லாம் சொன்னது பெரும்பாலும் மலேரியாவையே. போடிமெட்டின் குளிரில் மலேரியா எளிதில் பரவாது. கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமி வளர்வதற்குச் சுமார் 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் வெப்பமாவது வேண்டும். ஆபத்து அடிவாரத்திலும் நடுமலையிலும்தான். அங்கே மெல்ல ஓடும் தெளிந்த ஓடைகளின் ஓரப் புல்லில் அனாபிலிஸ் ஃபுளுவியாடிலிஸ் என்ற கொசு முட்டையிடும். தோட்ட வேலைக்காக மலையேறிய கூலிக் குடும்பங்கள் இந்தப் பட்டையைக் கடந்தே போகவேண்டியிருந்தது.

கம்பம் பள்ளத்தாக்குக்கு மேலே 1887 முதல் 1895 வரை பெரியாறு அணை கட்டப்பட்டபோது, நோய்களால் இறந்தவர்கள் 483 பேர் என்பது கணக்கு. மலேரியாவும் அந்நோய்களுள் ஒன்று. நோய் எப்படிப் பரவுகிறது என்பதே அன்று யாருக்கும் தெரியாது. அணை முடிந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1897 ஆகஸ்ட் 20 அன்று, ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் அனாபிலிஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அதே ஆண்டில் சில மாதங்களுக்கு முன், உதகைக்குக் கீழே சீகூர் பகுதியில் ஆராயப் போனபோது அவரையே மலேரியா பிடித்தது.

எதிரி கொசு என்று தெரிந்தபின் ஆயுதம் தேடினார்கள். 1939 இல் டி.டி.டி. பூச்சிகளைக் கொல்லும் என்று பால் முல்லர் கண்டுபிடித்தார். இந்தியாவில் 1953 இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிய வேளையில், ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா வந்ததாகவும் எட்டு லட்சம் பேர் இறந்ததாகவும் மதிப்பிட்டார்கள். வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. தெளித்தார்கள். இரத்தம் குடித்த கொசு சுவரில் உட்கார்ந்து இளைப்பாறும், அங்கேயே சாகும். 1965 இல் நோயாளிகள் எண்ணிக்கை சுமார் ஒரு லட்சமாகக் குறைந்தது. மலேரியா ஒழிந்தது என்றே பலரும் நினைத்தார்கள். ஆனால் 1976 இல் அது 64 லட்சத்தைத் தாண்டியது. மருந்துத் தட்டுப்பாடு, பணத் தட்டுப்பாடு, கண்காணிப்பில் தளர்ச்சி ஆகியவை இதற்குக் காரணங்கள். டி.டி.டி.க்குச் சாகாத கொசுக்கள் பெருகியது இன்னொரு காரணம். அந்தக் கொசுக்கள் எங்கிருந்து வந்தன?

சல்லடை

தண்டவாளத்துக்கு அடியில் பரப்பும் ஜல்லியைச் சல்லடையில் சலித்துத்தான் எடுப்போம். 65 மில்லிமீட்டர் சல்லடையில் விழவேண்டும். 20 மில்லிமீட்டர் சல்லடையில் தங்கவேண்டும். சலித்தபின் குவியலைப் பார்த்தால் கற்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும். அதற்காகச் சல்லடையைக் கண்டு கற்கள் தம் அளவை மாற்றிக்கொண்டன என்று யாரும் சொல்வதில்லை. பல அளவுக் கற்கள் முன்பே கலந்து கிடந்தன. சல்லடை சிலவற்றை நிறுத்தியது, மற்றவற்றைத் தள்ளியது.

மருந்தும் ஒரு சல்லடைதான். கொசுக்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. லட்சத்தில் ஒன்றின் உடலில் டி.டி.டி.யைச் சிதைக்கும் சத்து சற்று அதிகமாக இருக்கலாம். இன்னொன்றின் நரம்பு அமைப்பு சற்று மாறியிருக்கலாம். மருந்து இல்லாத காலத்தில் இந்த வேறுபாட்டால் அதற்கு ஒரு லாபமும் இல்லை. மருந்து வந்ததும் மற்றவை சாக, இது மட்டும் மிஞ்சுகிறது.

கல்லுக்கும் கொசுவுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. கல் குட்டி போடாது, கொசு போடும். தன் குணத்தையும் குஞ்சுகளுக்குக் கொடுக்கும். ஓர் எளிய கணக்குப் போடுவோம். பத்து லட்சம் கொசுக்களில் மருந்துக்குத் தப்பியவை பத்து. ஒவ்வொரு தலைமுறையிலும் ஐந்து மடங்கு பெருகுவதாக வைத்துக்கொள்ளுங்கள். பத்து ஐம்பதாகும், ஐம்பது இருநூற்றைம்பதாகும். எட்டாவது தலைமுறையில் எண்ணிக்கை 39 லட்சத்தைத் தாண்டிவிடும். கொசுவுக்கு ஒரு தலைமுறை என்பது இரண்டு மூன்று வாரம். ஆறு மாதத்துக்குள் ஊர்க் கொசுக்கள் எல்லாம் மருந்துக்குச் சாகாத வம்சம். எந்த ஒரு கொசுவும் பழகவில்லை. பழகாதவை செத்தன, அவ்வளவுதான். டார்வின் இயற்கைத் தேர்வு என்று சொன்னது இதையே. பரிணாமம் பல லட்சம் ஆண்டுகள் எடுக்கும் என்று பள்ளியில் படித்தோம். ஆறு மாதத்திலும் அது நடக்கும்.

இது வெறும் ஊகமா? 1952 இல் ஜோஷுவா லெடர்பர்க், எஸ்தர் லெடர்பர்க் தம்பதியர் இதைச் சோதித்துக் காட்டினார்கள். ஒரு தட்டில் பாக்டீரியாக்களைப் புள்ளி புள்ளியாக வளர்த்து, அதன்மேல் வெல்வெட் துணியை ஒற்றி, ரப்பர் முத்திரை குத்துவதுபோல் மருந்து கலந்த பல தட்டுகளில் பதித்தார்கள். எல்லாத் தட்டுகளிலும் ஒரே இடத்துப் புள்ளிகளே உயிர் பிழைத்தன. முதல் தட்டில் அதே இடத்திலிருந்து எடுத்தவையும் மருந்தைத் தாங்கின. அவை மருந்தை ஒருமுறைகூடக் கண்டதில்லை! எதிர்ப்புக் குணம் மருந்துக்கு முன்பே இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

மாத்திரையும் ஒரு சல்லடை

கொசுவுக்கு டி.டி.டி. போல, மலேரியாக் கிருமிக்குக் குளோரோகுயின் மாத்திரை. 1950களின் இறுதியில் தாய்லாந்து – கம்போடியா எல்லையில் அதற்கு அடங்காத கிருமி தென்பட்டது. இந்தியாவில் 1973 இல் அஸ்ஸாமில் கண்டார்கள். அந்த ஆசிய வம்சம் பிறகு ஆப்பிரிக்காவுக்கும் போய்ச் சேர்ந்தது. இந்தக் கிருமியின் உடலில் ஒரு சிறு மாறுதல். உள்ளே வரும் மருந்தைப் பம்பு வைத்து இறைப்பதுபோல் வெளியே தள்ளிவிடும்.

ஆப்பிரிக்காவில் உள்ள மலாவி நாடு 1993 இல் குளோரோகுயினைக் கைவிட்டது. சுமார் பத்தாண்டுகள் கழித்துச் சோதித்தால், அதே மாத்திரை மறுபடியும் நோயைக் குணப்படுத்தியது. பம்பைச் சுமப்பது கிருமிக்கு ஒரு செலவு. மருந்து இருக்கும் வரை அந்தச் செலவு லாபம். மருந்து போனபின் நஷ்டம். சல்லடையை எடுத்ததும் சாதாரணக் கிருமிகள் முந்திக்கொண்டன.

நம் இரத்தத்திலும் ஒரு சல்லடை

மலேரியா மனிதனையும் சலித்திருக்கிறது. 1952 இல் லேமன், கட்புஷ் என்ற இருவர் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அரிவாள் வடிவ இரத்த அணுக் கூறு இருப்பதைக் கண்டார்கள். பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியிலும் வயநாட்டிலும் இது உண்டு. ஹீமோகுளோபின் சங்கிலியில் ஒரே ஒரு கண்ணி மாறியிருப்பதுதான் இதற்குக் காரணம். இதைப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்ற குழந்தையைக் கடுமையான மலேரியா எளிதில் கொல்வதில்லை. ஆப்பிரிக்காவில் ஆராய்ந்து அலிசன் 1954 இல் இதை எடுத்துக்காட்டினார். இருவரிடமிருந்தும் பெற்ற குழந்தைக்கோ வாழ்நாள் முழுவதும் வலியும் இரத்தசோகையும். தாயும் தந்தையும் இக்கூறைத் தாங்குபவர்களானால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. மலேரியாவுக்கு இயற்கை கொடுத்த மருந்து. அதன் விலையைச் சில பிள்ளைகள் கட்டுகிறார்கள். திருமணத்துக்கு முன் ஓர் இரத்தப் பரிசோதனை போதும். 2023 இல் இந்திய அரசு இதற்கென ஒரு தேசிய இயக்கம் தொடங்கியிருக்கிறது.

உண்மையில் பழகுவது எது?

பழகுவது நம் உடம்புதான். மலேரியா நிறைந்த ஊரில் பலமுறை காய்ச்சல் கண்டவருக்கு ஓரளவு எதிர்ப்பாற்றல் உண்டாகிறது. ஆனால் அது சொத்துப் போல் பிள்ளைகளுக்குப் போகாது. ஊரை விட்டு வந்து சில ஆண்டுகள் வாழ்ந்தால் நமக்கே மங்கிவிடும். "நான் அந்தத் தண்ணியிலே வளர்ந்தவன், எனக்கு ஒன்றும் ஆகாது" என்று சொல்பவர்கள் இதை நினைவில் கொள்ளவேண்டும். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கோ அந்தப் பாதுகாப்புத் தொடக்கத்திலிருந்தே இல்லை.

ஆகவே மலேரியா உள்ள ஊருக்குப் போகுமுன் மருத்துவரிடம் தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள். பட்டணமாயிற்றே என்று அலட்சியம் வேண்டாம். சென்னையில் மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் வளர்வதற்கென்றே அனாபிலிஸ் ஸ்டெஃபன்சி என்ற கொசு இருக்கிறது. திரும்பி வந்து ஓராண்டுக்குள் காய்ச்சல் கண்டால், எந்த ஊருக்குப் போனோம் என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். குளிர் நாட்டு மருத்துவர் அதைச் சாதாரண ஃபுளு என்று நினைத்துவிடலாம்.

மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். வைவாக்ஸ் வகை மலேரியாவில் காய்ச்சல் மூன்று நாளில் நின்றாலும், கிருமி கல்லீரலில் ஒளிந்திருக்கும். அதற்காகத்தான் பிரிமாகுயின் 14 நாள் கொடுக்கிறார்கள். சிலருடைய இரத்தத்துக்கு அது ஒவ்வாது. ஆகவே தானாக வாங்கி விழுங்கக் கூடாது. இன்னொரு வகையான ஃபால்சிபாரத்துக்கும் காசநோய்க்கும் ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளைச் சேர்த்துத் தருவதன் காரணம் இப்போது விளங்கும். ஒரு மருந்துக்குத் தப்பும் கிருமி கோடியில் ஒன்று என்றால், இரண்டுக்கும் ஒருசேரத் தப்புவது கோடி கோடியில் ஒன்று. இரண்டில் ஒன்றை நாமே விட்டுவிட்டால் அந்தக் கணக்குப் பொய்த்துப் போகும். மிச்சமான மாத்திரையை அடுத்தவருக்குக் கொடுப்பதும் அப்படியே.

இலங்கையின் அனுபவத்தையும் சொல்லவேண்டும். 1934–35 இல் அங்கே மலேரியாவால் சுமார் 80,000 பேர் மாண்டார்கள். டி.டி.டி. வந்தபின், 1963 இல் நாடு முழுவதும் 17 பேருக்கு மட்டுமே மலேரியா. வேலை முடிந்தது என்று மருந்து தெளிப்பதை நிறுத்தினார்கள். 1969 இல் ஐந்து லட்சம் பேருக்கு மேல் நோய் கண்டது. மறுபடியும் முதலிலிருந்து பாடுபட்டு, 2016 இல்தான் மலேரியா இல்லாத நாடு என்ற உலக சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்றார்கள். பதினேழு பேரிலிருந்து அந்த இடத்துக்கு வர 53 ஆண்டுகள் ஆயின.

இனி யாராவது "கொசு பழகிவிட்டது" என்று சொன்னால், உங்கள் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்: பழகியதா, சலிக்கப்பட்டதா? சரியான விடை சொல்லும் பிள்ளை, பாதி மாத்திரையோடு மருந்துச் சீட்டை மூடி வைக்காது.